உதட்டுப் பிளவு யார் வழியில் வந்தது? கொங்கு நாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோவைப் பக்கம் உதடு பிளந்த குழந்தை பிறந்தால், டாக்டர் வாய் திறப்பதற்குள் ஒறம்பரை காரணம் சொல்லிவிடும். கிரகணத்தன்று காய் நறுக்கியிருப்பாள். அவங்க பக்கத்தில் யாருக்கோ இப்படி இருந்ததாம். சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான். மூன்று காரணங்களும் கடைசியில் ஒரே ஆளைத்தான் சுட்டும்: பிரசவ வார்டில் தையல் வலியோடு படுத்திருக்கும் தாயை.

இந்த மூன்றில் ஒன்று முழுப் பொய். ஒன்று சில குடும்பங்களில் மட்டும் உண்மை. இன்னொன்று பாதி உண்மை. எது எது என்று பிரித்தறியத்தான் இந்த வழிகாட்டி. மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு டார்ச் லைட்டும் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் போதும்.

படி 1: எந்தப் பிளவு என்று தெரிந்துகொள்ளுங்கள்

பிளவு மூன்று விதமாக வரும். உதட்டில் மட்டும் வரலாம். உதடும் மேலண்ணமும் சேர்ந்து பிளந்திருக்கலாம். உதடு நன்றாக இருந்து உள்ளே அண்ணம் மட்டும் பிளந்திருக்கலாம். முதல் இரண்டும் மரபு வழியில் ஒரே இனம், மூன்றாவது தனி. 1942-ல் டென்மார்க்கின் ஃபோக் ஆண்டர்சன் நூற்றுக்கணக்கான குடும்பங்களை விசாரித்துச் சொன்னது இது: உதட்டுப் பிளவு உள்ள வீட்டில் உதட்டுப் பிளவே திரும்பி வருகிறது, அண்ணப் பிளவு உள்ள வீட்டில் அண்ணப் பிளவே வருகிறது, ஒன்று மற்றொன்றாக மாறி வருவது அரிது. பிறகு வந்த மரபணு ஆய்வுகளும் பெரும்பாலும் இதையே உறுதிசெய்தன.

உதட்டுப் பிளவு ஆண் குழந்தைகளில் அதிகம், வலப்பக்கத்தைவிட இடப்பக்கத்தில் அதிகம். அண்ணம் மட்டும் பிளப்பது பெண் குழந்தைகளில் அதிகம்.

உதடு பிளந்திருந்தால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அண்ணம் மட்டும் பிளந்திருப்பது தெரியாது. பால் மூக்கு வழியாக வருகிறது, எடை ஏறவில்லை என்று பல நாள் அலைந்த பிறகே கண்டுபிடிக்கிறார்கள். அதனால் குழந்தை பிறந்தவுடன், நாக்கை அழுத்தி டார்ச் அடித்து உள்நாக்கு வரை பார்த்தார்களா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

படி 2: கிரகணத்தை விடுங்கள், வாரக் கணக்கைப் பாருங்கள்

கருவின் முகம் தனித்தனித் துண்டுகளாக வளர்ந்து நடுவில் வந்து ஒட்டுகிறது. மேலுதடு ஒட்டி முடிவது கரு உருவான 4-வது வாரத்திலிருந்து 7-வது வாரத்துக்குள். அண்ணம் 6-லிருந்து 9-வது வாரத்துக்குள். அண்ணத்தின் இரண்டு பாதிகளும் முதலில் நாக்கின் இருபுறமும் கீழ்நோக்கித் தொங்கும். நாக்கு கீழே இறங்கியதும் அவை மேலெழும்பிப் படுக்கையாகி, இரட்டைக் கதவு சாத்துவதுபோல் நடுவில் சேரும். பெண் கருவில் இந்த மேலெழும்பல் சில நாள் தாமதமாக நடக்கிறது. அண்ணப் பிளவு பெண் குழந்தைகளில் அதிகமாக இருப்பதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

இப்போது கணக்குப் போடுங்கள். தீட்டு நின்று, டெஸ்ட் எடுத்து, மாமியாரிடம் சொல்லும்போது பெரும்பாலும் உதடு உருவாகும் காலம் பாதி கடந்திருக்கும். வயிறு வெளியே தெரியும்போது எல்லாம் முடிந்திருக்கும். 2025 செப்டம்பர் 7 இரவு இந்தியாவில் தெரிந்த முழுச் சந்திர கிரகணத்தின்போது ஏழு மாத வயிற்றோடு ஒருத்தி கத்திரிக்காய் நறுக்கியிருந்தால், அந்தக் கத்தி எதை வெட்டியிருக்க முடியும்? அவள் குழந்தையின் உதடு ஐந்து மாதத்துக்கு முன்பே ஒட்டியோ ஒட்டாமலோ முடிந்துபோன விஷயம். கிரகணத்தன்று பெரியவர்கள் சொல்கிறார்கள் என்று உள்ளே உட்கார்ந்திருப்பதில் நஷ்டமில்லை. ஆனால் உட்காராத தாய்மேல் பழி போடுவது அநியாயம்.

படி 3: கீழுதட்டையும் பாருங்கள்

மரபணுக் காரணத்தைத் தேடும்போது டாக்டர் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி, பிளவு தனியாக வந்திருக்கிறதா, வேறு குறைகளோடு கூட்டாக வந்திருக்கிறதா என்பதுதான். உதட்டுப் பிளவுக் குழந்தைகளில் பத்தில் ஏழு பேருக்குப் பிளவைத் தவிர வேறு குறையில்லை. அண்ணம் மட்டும் பிளந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் அப்படி. மற்றவர்களுக்கு இதயம், கண், காது, தாடை, வளர்ச்சி என்று ஏதாவது ஒன்று சேர்ந்திருக்கும். இப்படிக் கூட்டாக வரும் நிலைகளைத்தான் சிண்ட்ரோம் என்கிறார்கள். அவை நூற்றுக்கணக்கில் உண்டு. பலவற்றுக்கு ஒரே ஒரு மரபணுவின் பழுதோ, ஒரு குரோமோசோம் துண்டு விடுபட்டதோதான் காரணம். அண்ணப் பிளவோடு இதயக் குறையும் இருந்தால் 22-வது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லையா என்று சோதிக்கச் சொல்வார்கள்.

இவற்றில் வீட்டிலேயே கண்டுபிடிக்கக்கூடியது வான் டெர் வூட் சிண்ட்ரோம். கீழுதட்டின் நடுவில் இருபுறமும் ஊசி குத்தியதுபோல் இரண்டு சிறு குழிகள் இருக்கும். குழந்தைக்குப் பிளவு, அப்பாவுக்கு வெறும் குழி, அத்தைக்கு அண்ணப் பிளவு என்று ஒரே குடும்பத்தில் வெவ்வேறு அளவில் வரும். ஒருவருக்கு இந்தப் பழுது இருந்தால் அவருடைய ஒவ்வொரு குழந்தைக்கும் அது போய்ச் சேரும் வாய்ப்பு 50 சதவீதம். ஆகவே தாத்தா பாட்டி முதல் எல்லோருடைய கீழுதட்டையும் ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். இதற்குச் செலவே இல்லை.

இதற்கான மரபணுவைக் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையர். ஒருவருக்கு இந்த நிலை இருந்தது, மற்றவருக்கு இல்லை. இருவரின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டபோது வித்தியாசம் ஐஆர்எஃப்6 என்ற மரபணுவில் இருந்தது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மர்ரி குழுவினர் 2002-ல் இதை வெளியிட்டார்கள். முகத்துண்டுகளின் மேல்தோல் சரியாக முதிர்வதற்கு இந்த மரபணு வேண்டும். அது பழுதானால் ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டும், ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டாது.

படி 4: தனிப் பிளவுக்கு ஒரே குற்றவாளி கிடையாது

பெரும்பாலான குழந்தைகள் இந்த வகைதான்: பிளவைத் தவிர வேறெதுவும் இல்லை, குடும்பத்திலும் யாருக்கும் இல்லை. இங்கே 'எந்த ஜீன்?' என்று கேட்டால் ஒற்றைப் பதில் கிடைக்காது. சிறு சிறு பங்கு வகிக்கும் பல மரபணுக்கள் இருக்கின்றன. ஐஆர்எஃப்6 இங்கேயும் வருகிறது. 8-வது குரோமோசோமில் 8க்யூ24 என்ற பகுதி 2009-ல் ஜெர்மனியில் நடந்த ஆய்வில் தெரிந்தது. எம்எஸ்எக்ஸ்1, எம்ஏஎஃப்பி, பிஏஎக்ஸ்7 என்று பட்டியல் நீளும். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் ஆகாது. நம்மில் பலரிடம் இவற்றில் சில இருக்கவே செய்கின்றன. தாயிடமிருந்து கொஞ்சம், தந்தையிடமிருந்து கொஞ்சம், கர்ப்பத்தின் முதல் வாரங்களில் உடம்பின் நிலை கொஞ்சம், வெறும் தற்செயல் கொஞ்சம் சேர்ந்து ஓர் எல்லையைத் தாண்டும்போதுதான் பிளவு வருகிறது.

தற்செயலுக்கு எவ்வளவு பங்கு என்பதற்கும் இரட்டையர்களே சாட்சி. ஒரே டி.என்.ஏ. கொண்ட இரட்டையரில் ஒருவருக்குப் பிளவு இருந்தால், மற்றவருக்கும் இருப்பது ஏறத்தாழ பாதிச் சமயங்களில்தான். மரபணு மட்டுமே காரணமென்றால் நூற்றுக்கு நூறு இருக்க வேண்டும். மரபணுவுக்குப் பங்கே இல்லையென்றால் இரண்டு தனித்தனிக் கருமுட்டைகளிலிருந்து பிறந்த இரட்டையரைப்போல 3 முதல் 5 சதவீதத்தில் நின்றிருக்க வேண்டும். அடுத்த முறை 'யார் வழி?' என்று யாராவது கேட்டால், இந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள்.

தென்னிந்தியர்களிடமும் இந்த ஆய்வு நடந்திருக்கிறது. போரூர் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவமனையின் பிளவு சிகிச்சை மையத்தில் ஜோத்ஸ்னா மூர்த்தி, சையது அல்தாஃப் ஹுசைன் போன்ற அறுவை மருத்துவர்களும் மரபியலாளர் பாஸ்கரும் சேர்ந்து பல கட்டுரைகள் வெளியிட்டார்கள். 2018-ல் வந்த ஒன்று, ஐஆர்எஃப்6-ல் உள்ள ஒரு குறிப்பிட்ட எழுத்து மாற்றம் தென்னிந்தியரிடம் தனி அண்ணப் பிளவோடு தொடர்புடையது, உதட்டுப் பிளவோடு அல்ல என்றது. வேறு நாட்டில் கிடைத்த முடிவை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

படி 5: கூட்டம் பார்த்தால் போதுமா?

கொங்கு நாட்டுக்கென்றே உரிய கேள்வி இது. கொங்கு வேளாளரில் காடை, ஆந்தை, தூரன் என்று கூட்டம் பார்த்துத்தான் பொண்ணு எடுப்பார்கள். ஒரே கூட்டம் என்றால் பங்காளி, அண்ணன் தங்கை முறை. கல்யாணப் பேச்சே கிடையாது. 'எங்களுக்குள்ள ரத்தம் கலக்காதுங்க' என்று பெருமையாகச் சொல்வதைப் பலமுறை கேட்டிருப்பீர்கள்.

ஆனால் கூட்டம் தந்தை வழியில் மட்டும் இறங்குவது. மாமன் மகள் மாமன் கூட்டம், அதாவது அம்மா பிறந்த கூட்டம். அத்தை மகள் அத்தை வீட்டுக்காரரின் கூட்டம். அக்கா மகள் மச்சானுடைய கூட்டம். மூவருமே வேறு கூட்டம், மூவருமே நெருங்கிய ரத்தம்! மாமன் மகளும் அத்தை மகனும் தங்கள் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாக வைத்திருப்பார்கள். சில சமூகங்களில் நடக்கும் தாய்மாமன் – அக்கா மகள் திருமணத்தில் நாலில் ஒரு பங்கு. கூட்டம் பார்க்கும் வழக்கம் ஒரு வாசலை நன்றாகவே அடைக்கிறது, மற்ற வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. 1960-களில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1972-ல் வந்த தன் நூலில் இந்த முறைப்பெண் வழக்கத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

2019–21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 28 சதவீதத் திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. இந்தியாவிலேயே மிக அதிக அளவு இதுதான். சரி, இதனால் பிளவு எவ்வளவு கூடுகிறது? பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியான அலசல், சொந்தத்தில் மணந்தவர்களின் குழந்தைகளுக்கு ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றது. இரண்டு மடங்கு என்றதும் பயப்பட வேண்டாம். ஆயிரத்தில் ஒன்று என்பது ஆயிரத்தில் இரண்டு ஆகிறது. மீதி 998 குழந்தைகளுக்குப் பிளவு இல்லை. இன்னொரு கணக்கும் உண்டு. நூற்றில் 28 பேர் சொந்தத்தில் கட்டுகிறார்கள், அவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு என்றே வைத்துக்கொண்டாலும், பிளவோடு பிறக்கும் குழந்தைகளில் பாதிக்குமேல் சொந்தமில்லாத பெற்றோருக்குப் பிறந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

என் தீர்ப்பு இது: சொந்தத்தில் கட்டியவர்களைக் குற்றவாளியாக்காதீர்கள். ஆனால் இரண்டு பக்கத்திலும் ஏற்கெனவே பிளவு இருக்கும் குடும்பத்தில் முறைப்பெண் பேச்சு எழுந்தால், ஜாதகம் பார்ப்பதற்கு முன் மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

படி 6: மூன்று தலைமுறைப் படம் போடுங்கள்

ஆலோசகரிடம் போகும்போது ரத்தப் பரிசோதனைச் சீட்டைவிடப் பயனுள்ளது இதுதான். தாளின் கீழே குழந்தை, அதற்கு மேலே அப்பா அம்மா, அவர்களுடைய அண்ணன் தம்பி அக்கா தங்கை, அதற்கும் மேலே அப்பாரு, ஆத்தா, அப்புச்சி, அம்முச்சி. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். பிளவு இருந்தவரின் கட்டத்தைக் கறுப்பாக்குங்கள். கணவன் மனைவிக்கு ஒரு கோடு, அவர்கள் சொந்தமென்றால் இரட்டைக் கோடு.

பெயரைவிட இந்த விவரங்கள் முக்கியம்: யாருக்காவது உதட்டில் தையல் தழும்பு, மூக்கில் பேசும் பேச்சு, உள்நாக்கு இரண்டாகப் பிரிந்திருப்பது, கீழுதட்டுக் குழி, பிறவி இதயக் குறை, காது கேளாமை இருந்ததா? கருச்சிதைவு, பிறந்து சில நாளில் இறந்த குழந்தை உண்டா? பால் குடிக்க முடியாமல் இறந்துபோனது என்று அம்முச்சி நினைவு வைத்திருக்கும் ஒரு குழந்தை, அண்ணப் பிளவுக் குழந்தையாகவும் இருந்திருக்கலாம். கிழவிகளிடம் மெதுவாகக் கேளுங்கள். மறைத்த கதை மூன்றாவது முறை கேட்கும்போதுதான் வரும்.

தாய் கர்ப்பத்தின் தொடக்கத்தில் என்ன மாத்திரை சாப்பிட்டார் என்பதையும் எழுதுங்கள். வால்ப்ரோயேட், டோபிராமேட், ஃபெனிடாயின் போன்ற வலிப்பு மருந்துகள், கட்டுப்படாத சர்க்கரை, புகையிலை, மது ஆகியவை ஆபத்தைக் கூட்டும். வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. கருத்தரிக்கும் முன்பே நரம்பியல் டாக்டரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும்.

படி 7: அடுத்த குழந்தைக்கு வருமா?

எல்லோரும் கேட்க நினைத்துத் தயங்கும் கேள்வி. தனிப் பிளவுக்கு மருத்துவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு இது. பெற்றோருக்கு இல்லை, முதல் குழந்தைக்கு இருக்கிறது என்றால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் 4. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பிளவு இருந்து, முதல் குழந்தை பிறக்கப்போகிறது என்றாலும் ஏறத்தாழ அதே 4. இரண்டு குழந்தைகளுக்கு வந்துவிட்டால் மூன்றாவதற்கு 9 அல்லது 10. பெற்றோரில் ஒருவருக்கும் ஒரு குழந்தைக்கும் இருந்தால் 17 வரை போகும். சொந்தத்தில் கட்டியிருந்தால் சற்றுக் கூடும். சிண்ட்ரோம் என்றால் கணக்கே வேறு.

கருத்தரிக்கத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கச் சொல்வார்கள். தண்டுவடக் குறையைத் தடுப்பதில் அதன் பலன் நிரூபணமானது. பிளவைத் தடுப்பதில் அவ்வளவு உறுதியில்லை. ஆனாலும் எடுங்கள். தீட்டு நின்ற பிறகு தொடங்கினால் பாதி நேரம் போய்விடும் என்பது 2-வது படியிலேயே தெரிந்திருக்கும்.

18–20 வார ஸ்கேனில் உதட்டுப் பிளவு பெரும்பாலும் தெரியும், அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் தெரிவது கடினம். தெரிந்தவுடன் கலைத்துவிடலாமா என்று பதறுகிறவர்கள் உண்டு. தனிப் பிளவால் உயிருக்கோ அறிவுக்கோ கேடு இல்லை, அது சரிசெய்யக்கூடியது. முடிவெடுக்கும் முன் பிளாஸ்டிக் சர்ஜனையும் ஒருமுறை பாருங்கள்.

படி 8: நைஜீரியாவில் கண்டுபிடித்தது நமக்கு எதற்கு?

உலக அளவில் சுமார் 700 பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் பிளவு வருகிறது. ஆசியர்களிடம் அதிகம், ஆப்பிரிக்கர்களிடம் குறைவு. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 28,600 குழந்தைகள் என்பது ஒரு மதிப்பீடு. நம் பக்கத்து ஆந்திராவில் 2010-ல் வெளிவந்த கணக்கு ஆயிரத்துக்கு 1.09.

தொடக்க கால மரபணு ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பியர்களிடமே நடந்தன. அந்தக் குறையைத் தீர்க்க நைஜீரியாவைச் சேர்ந்த அசீஸ் புட்டாலி, கானாவின் கவன்ஸ் முதலானோர் நைஜீரியா, கானா, எத்தியோப்பியா குடும்பங்களின் மாதிரிகளைத் திரட்டினார்கள். 2019-ல் வெளியான முடிவில், அண்ணப் பிளவோடு தொடர்புடைய புதிய இடங்கள் சிடிஎன்என்ஏ2, எஸ்யூஎல்டி2ஏ1 என்ற மரபணுக்களின் அருகே கிடைத்தன. ஐரோப்பியரிடம் கண்ட 8க்யூ24 பகுதி ஆப்பிரிக்கரிடமும் தெரிந்தது. மனித இனத்திலேயே மிகப் பழைய மக்கள் என்பதால் ஆப்பிரிக்க டி.என்.ஏ. தலைமுறை தலைமுறையாக நிறையத் துண்டாகிக் கலந்திருக்கிறது. அதனால் காரணம் இருக்கும் இடத்தைக் குறுகலாகச் சுட்ட முடிகிறது.

நம் கதை நேர் எதிர். நூற்றாண்டுகளாகச் சாதிக்குள்ளேயே மணந்ததால் சிறு எண்ணிக்கை முன்னோரின் மரபணு மாற்றங்கள் சில சமூகங்களில் பெருகி நிற்கின்றன. ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் 2017-ல் இதைத் தெற்காசியா முழுக்கக் காட்டினார்கள். அதில் பிளவுக் குழந்தையின் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி உண்டு. ஆரிய வைசியர்களில் சிலருக்கு ஒரு குறிப்பிட்ட நொதி குறைவாக இருப்பதால், அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து நெடுநேரம் இறங்காமல் நிற்கும். குடும்பத்தில் யாருக்காவது ஆபரேஷன் முடிந்து மூச்சு திரும்பத் தாமதமாகியிருந்தால், மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

10,000 இந்தியர்களின் முழு மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்திய ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. எந்த மருத்துவமனையாவது ஆய்வுக்கு எச்சில் அல்லது ரத்த மாதிரி கேட்டால், ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கிப் படித்து, புரிந்தால் கையெழுத்திடுங்கள். மறுத்தாலும் சிகிச்சை நிற்காது, நிற்கவும் கூடாது.

படி 9: பரிசோதனை யாருக்கு வேண்டும்?

எல்லோருக்கும் வேண்டாம். தனிப் பிளவு, குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றால் பல ஆயிரம் ரூபாய் மரபணுச் சோதனை பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. வேறு குறை சேர்ந்திருந்தால், கீழுதட்டுக் குழி இருந்தால், வளர்ச்சி தாமதமானால், வீட்டில் பலருக்கு இருந்தால் தேவை. விளம்பரத்தைப் பார்த்து லேபுக்கு நேரே போகாதீர்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் அனுப்பினால் போங்கள்.

படி 10: காரணம் தேடிக்கொண்டே காலத்தை விடாதீர்கள்

முதல் நாள் முதலே குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். நம் பாட்டிகள் வைத்திருந்த அந்தப் பாலாடையைத்தான் இன்றும் மருத்துவமனைகளில் கொடுக்கிறார்கள். உதட்டுக்கு 3 முதல் 6 மாதத்தில் ஆபரேஷன். பத்து வாரம், ஏறத்தாழ நாலரைக் கிலோ, ஹீமோகுளோபின் 10 என்பது பழைய அளவுகோல். அண்ணத்துக்கு 9 முதல் 18 மாதத்துக்குள். இதைத் தள்ளிப்போட்டால் மூக்கில் பேசும் பேச்சு நிலைத்துவிடும். நடுக்காதில் நீர் கோக்கும் என்பதால் காதுப் பரிசோதனை தவறக் கூடாது. பிறகு பேச்சுப் பயிற்சி, 8–11 வயதில் ஈறு எலும்பு ஒட்டு, பல் சீரமைப்பு என்று இது பள்ளி முடியும்வரை நீளும் சிகிச்சை.

பணம் தடையில்லை. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் உதடு, அண்ணப் பிளவு சேர்ந்திருக்கிறது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீடு உண்டு. 1999-ல் தொடங்கிய ஸ்மைல் ட்ரெயின் அமைப்பு, தன்னோடு இணைந்த மருத்துவமனைகளில் உள்ளூர் டாக்டர்களைக் கொண்டே இலவசமாக ஆபரேஷன் செய்விக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-ஐ அழையுங்கள், அல்லது கோவை ஜி.எச்.-ல் குழந்தைகள் பிரிவில் போய்க் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மரபணு ரிப்போர்ட் வர மாதங்கள் ஆகலாம். தனிப் பிளவுக் குழந்தைக்கு அந்த ரிப்போர்ட்டுக்காக ஆபரேஷன் தேதியை மாற்றச் சொல்லாதீர்கள்.